கண்மாயை அறிந்த பிள்ளைகள்

(நூலகம் ஒன்றின் கோடை வாசிப்பு முகாமில் ஆற்றிய சொற்பொழிவின் எழுத்து வடிவம்)



சின்ன வயதுக் கோடை விடுமுறையைப் பற்றிப் பேச வேண்டும் என்று நூலகர் கேட்டபோது, எதைப் பேசுவது என்று நான் யோசிக்கவே இல்லை. எனக்குக் கோடை என்றால் கண்மாய். கண்மாய் என்றால் தூண்டில். சிவகங்கைச் சீமையில் மழையையும் கண்மாயையும் நம்பி விவசாயம் செய்யும் ஒரு சிற்றூரில் பிறந்தவள் நான். வடக்கே ஏரி என்றும், திருநெல்வேலிப் பக்கம் குளம் என்றும் சொல்வதைத்தான் எங்கள் பக்கத்தில் கண்மாய் என்போம்.

நான் சொல்ல வந்த செய்தியை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். அந்தக் காலத்தில் தூண்டிலோடு கரையில் உட்கார்ந்த பிள்ளைகளுக்குத் தங்கள் கண்மாய் தெரிந்திருந்தது. எங்கே ஆழம், எங்கே சேறு, எந்த மடை ஒழுகுகிறது, தண்ணீர் கொண்டுவரும் எந்த வரத்துக்கால் அடைந்துகிடக்கிறது என்பதெல்லாம் பத்து வயதிலேயே தெரியும். தெரிந்ததனால் அதன்மேல் அக்கறை இருந்தது. இன்று பிள்ளைகளுக்கும் கண்மாய்க்கும் இடையே இருந்த அந்த உறவை நாம் அறுத்துவிட்டோம். அதை மறுபடி கட்ட வேண்டும் என்று கேட்கவே வந்திருக்கிறேன். என் நினைவுகளை அதற்குச் சாட்சியாக வைக்கிறேன்.

ஐப்பசி, கார்த்திகையில் வடகிழக்குப் பருவமழை பெய்து கண்மாய் பெருகும். நல்ல மழை வருஷத்தில் நிரம்பி மிஞ்சிய தண்ணீர் கலுங்கு வழியே பாயும். அந்த நாள்களில் எங்களைப் பெரியவர்கள் கரைப் பக்கமே விடமாட்டார்கள். தை அறுவடை முடிந்து, பங்குனி பிறக்கும்போது தண்ணீர் உள்வாயிலிருந்து மெல்லப் பின்வாங்கத் தொடங்கும். முழுப்பரீட்சை முடிந்து லீவு விடுகிற சித்திரையில் பார்த்தால், கண்மாய் பாதியாகச் சுருங்கி, கரையை ஒட்டியும் மடைகளுக்கு முன்னாலும் மட்டும் கிடக்கும். தண்ணீர் குறையக் குறைய மீன் நெருக்கமாகும். பள்ளிக்கூடம் பூட்டுகிற நேரமும் மீன் திரளுகிற நேரமும் ஒன்றாக வந்து சேர்வது எங்களுக்கு வாய்த்த பெரிய கொடை.

தூண்டில் செய்வதே ஒரு வாரத்து வேலை. கம்புக்கு மூங்கில் வேண்டும். ரொம்பத் தடிமன் இருந்தால் கை கடுக்கும்; ரொம்ப மெலிந்தால் விரால் இழுக்கிற இழுப்பில் முறியும். வளைத்துப் பார்த்து, நுனி மட்டும் வளைந்து அடி வளையாமல் நிற்கிற கம்பாகத் தேர்ந்தெடுப்போம். நரம்பும் முள்ளும் பலசரக்குக் கடையில் கிடைக்கும். கடைக்காரர் முள்களை ஒரு தீப்பெட்டிக்குள் போட்டு வைத்திருப்பார். கெண்டைக்குச் சின்ன முள், கெளுத்திக்கு நடுத்தரம், விராலுக்குப் பெரியது. தக்கைக்கு மட்டும் நாங்கள் காசு கொடுத்ததில்லை. எங்கள் பக்கம் மயில் அதிகம். புஞ்சைக் காட்டில் உதிர்ந்து கிடக்கும் மயிலிறகை எடுத்து, அதன் காம்பை விரல்கடை நீளத்துக்கு நறுக்கினால் அதைவிட நல்ல தக்கை கிடையாது. உள்ளே காற்று நிறைந்திருக்கும். ஒரு கெண்டைக்குஞ்சு வந்து இரையை முகர்ந்தாலும் நடுங்கிக் காட்டும். முள்ளுக்கு மேலே சின்ன ஈயத்துண்டு. அதைப் பல்லால் கடித்து இறுக்கிய தலைமுறை நாங்கள். ஈயம் உடம்புக்கு ஆகாது; பிள்ளைகள் அதை மட்டும் செய்ய வேண்டாம்.

இரைக்கு மண்புழு. மாட்டுக்கொட்டத்துக்குப் பின்னால், சாணிக்குப்பையின் ஓரத்தில், ஈரம் காயாத இடமாகப் பார்த்துக் கொத்தினால் கிடைக்கும். கடுங்கோடையில் மண் இறுகிவிட்டால் புழு ஆழத்துக்குப் போய்விடும். அப்போது பாத்திரம் கழுவுகிற தண்ணீர் விழும் வாழைமரத்தடிதான் கதி. கொட்டாங்கச்சியில் ஈரமண்ணைப் போட்டு, புழுவை அதில் விட்டு, மேலே ஒரு வாழைச்சருகை மூடி எடுத்துப் போவோம். கெண்டைக்குச் சோற்றுப்பருக்கை போதும். விராலுக்கு மட்டும் உயிருள்ள இரை வேண்டும். சின்னத் தவளையைக் கோத்துப் போடுவார்கள். அது பெரிய பையன்களின் வேலை.

என் கையில் தூண்டிலைக் கொடுத்தவர் என் அப்பத்தா. பெண்பிள்ளைகள் ஆழமில்லாத தண்ணீரில் இறங்கித் துண்டால் அயிரை அரிக்கலாம், தூண்டில் போடுவது பையன்கள் வேலை என்று ஊரில் ஒரு வழக்கம் இருந்தது. "பொம்பளப்புள்ளைக்கு எதுக்கு ஆத்தா தூண்டி?" என்று பக்கத்து வீட்டு மாமா கேட்டதற்கு, "கம்பு பிடிச்சிருக்கது ஆம்பளையா பொம்பளையான்னு மீனுக்குத் தெரியப்போகுதாக்கும்? போடட்டும் விடுப்பா" என்று அப்பத்தா சொன்னது இன்னும் என் காதில் இருக்கிறது. நீச்சலும் அவர் ஏற்பாடுதான். காய்ந்த சுரைக்குடுக்கையை முதுகில் கட்டி, என் சித்தப்பாவிடம் ஒப்படைத்து, "இவ நீந்திக் கரையேறுன பெறகுதான் தூண்டியத் தொடணும்" என்று கட்டளை போட்டார். நீச்சல் தெரியாத பிள்ளை தண்ணீர் ஓரத்தில் உட்காரக் கூடாது என்பது அவர் சட்டம். ஊரில் பல வீடுகளிலும் அதுவே சட்டம். இதைப் பிறகு மறுபடி சொல்லப்போகிறேன், மனத்தில் வைத்துக்கொள்ளுங்கள்.

விடியற்காலையில் போவோம், இல்லாவிட்டால் வெயில் தாழ்ந்த பிறகு போவோம். உச்சிவெயிலில் மேல்தண்ணீர் கொதிக்கும். மீன் மடைப்பள்ளத்துக்கோ கருவேல மரத்து நிழலுக்கோ ஒதுங்கிவிடும். விடியலில் வேறொரு காட்சி இருக்கும். மீன்கள் மேலே வந்து வாயைத் திறந்து திறந்து மூடும். இராத்திரி முழுக்கப் பாசியும் செடிகொடிகளும்கூட மூச்சுவிடுவதால் தண்ணீரில் கரைந்திருக்கும் ஆக்சிஜன் விடியும் நேரத்தில்தான் மிகக் குறைவாக இருக்கும் என்பதைக் கல்லூரியில் படித்தேன். ஆனால் "தண்ணிக்குள்ள காத்துப் பத்தல, அதான் மேல வருது" என்று எங்கள் ஊரில் மடையைப் பார்த்துக்கொண்ட நீர்ப்பாய்ச்சி எனக்கு முன்னமே சொல்லியிருந்தார். கரையில் தொப்தொப்பென்று நடந்தால் அவர் அதட்டுவார். மீனின் இரண்டு விலாவிலும் ஓடும் பக்கக்கோடு தண்ணீரின் அதிர்வை உணரும் உறுப்பு. மண்ணில் நாம் வைக்கும் காலடி அதற்குத் தெரிந்துவிடும். பல மீன்களின் விலாவில் அந்தக் கோட்டை நீங்களே பார்க்கலாம்.

கெண்டை இரையைக் கொத்திக் கொத்தி விடும். அவசரப்பட்டு இழுத்தால் வெறும் முள் வரும். கெளுத்தி அப்படியில்லை, தக்கையை ஒரே மூச்சில் சாய்த்து இழுத்துக்கொண்டு போகும். ஆனால் கெளுத்தியைப் பிடிப்பதைவிட முள்ளிலிருந்து கழற்றுவதுதான் கஷ்டம். முதுகிலும் இரண்டு பக்கத்திலும் கூரிய முள் உண்டு. குத்திவிட்டால் கை விண்விண்ணென்று தெறிக்கும். பக்கமுள் இரண்டுக்கும் பின்னால் விரலைக் கொடுத்து அமுக்கிப் பிடிக்கும் வித்தையைக் கெளுத்தியே எங்களுக்குக் கற்றுக்கொடுத்தது. உளுவை அடியில் கிடக்கும், சோம்பேறி. ஆரால் பாம்பு மாதிரி நெளிந்து நரம்பைச் சுற்றிச் சிக்கலாக்கிவிடும். குரவை விராலின் தம்பி; குணமும் அப்படியே.

விராலைப் பற்றிக் கொஞ்சம் நின்று பேச வேண்டும். கண்மாய்க்கு ராஜா அது. செவுளால் மூச்சுவிடுவதோடு, மேலே வந்து காற்றையும் குடிக்கும். தண்ணீர் வற்றினால் சேற்றுக்குள் இறங்கி ஈரத்தோடு கிடந்து அடுத்த மழைவரை உயிரைப் பிடித்துக்கொள்ளும். வெடித்துப்போன கண்மாயில் மழை பெய்த சில நாளில் விரால் துள்ளுவதைப் பார்த்து வானத்திலிருந்து விழுந்ததாகச் சின்னப்பிள்ளைகள் சொல்வோம். குஞ்சு பொரித்துவிட்டால் தாயும் தகப்பனும் அதைக் காவல்காக்கும். செந்நிறத்தில் நூற்றுக்கணக்கான குஞ்சுகள் ஒரு பந்தாகத் திரண்டு மேல்தண்ணீரில் கொப்பளித்துக்கொண்டே நகரும். அதைப் பார்ப்பு என்போம். பார்ப்புக்குக் கீழேயே பெரிய விரால் இருக்கும். அந்த நேரத்தில் அது எதன்மேலும் பாயும். அருகில் தவளையைப் போட்டால் உறுதியாகக் கடிக்கும். அதாவது, விராலைப் பிடிக்க அதைவிட எளிதான நேரம் கிடையாது.

ஆனால் பிடிக்கக் கூடாது. இது எங்கள் ஊரின் எழுதாத சட்டம். ஒரு தரம் பெரிய பையன் ஒருவன் பார்ப்பைக் கண்டு தூண்டிலைத் தூக்கியபோது, நீர்ப்பாய்ச்சி அக்கரையிலிருந்தே சத்தம் போட்டார்: "டேய், பார்ப்போட கெடக்குடா! தாயப் பிடிச்சா அத்தனை குஞ்சையும் கெளுத்தி தின்னுட்டுப் போயிரும். விட்டுரு." அவன் விட்டுவிட்டான். காவல் போனால் குஞ்சு போகும், குஞ்சு போனால் அடுத்த வருஷத்து விரால் போகும் என்கிற கணக்கு அந்த ஒரு அதட்டலில் எங்களுக்குப் புரிந்துவிட்டது. மீன்வளத்துறை புத்தகங்களில் இதை இனப்பெருக்கக் காலப் பாதுகாப்பு என்று பிற்பாடு படித்தேன்.

அந்த நீர்ப்பாய்ச்சியை நான் பெரியப்பா என்றுதான் கூப்பிடுவேன். சொந்தத்தில் பெரியப்பா இல்லை, ஊர் முறையில். மடையைத் திறப்பதும் அடைப்பதும் வயல் வயலாகத் தண்ணீர் பங்கிடுவதும் அவர் பொறுப்பு. அறுவடையின்போது ஆயக்கட்டுக்காரர்கள் களத்தில் அளந்து கொடுக்கும் நெல்தான் அவருக்குக் கூலி. தண்ணீருக்குள் மூழ்கிப்போய் மடையடைப்பைப் பிடுங்குகிற ஆள் அவர். தவறினால் தண்ணீரின் இழுப்பு ஆளைத் தூம்புக்குள் கொண்டுபோய்விடும். அவர்தான் எங்களுக்குக் கண்மாயைச் சொல்லிக்கொடுத்த வாத்தியார். மடை திறந்திருக்கும் நாளில் இத்தனை அடிக்கு இங்கிட்டு வரக்கூடாது என்று ஒரு கல்லைக் காட்டி வைத்திருந்தார். ஊருணியில் மட்டும் எவனும் தூண்டிலோடு நிற்கக் கூடாது, அது குடிதண்ணீர். கரைமேல் நண்டுவளை கண்டால் உடனே வந்து சொல்ல வேண்டும். கரையை உடைப்பது வெள்ளத்துக்கு முன்னால் நண்டுவளைதான் என்பார். நாங்கள் ஓடி ஓடிச் சொல்வோம். கண்மாய்க்குக் காவலாக அரசாங்கம் சம்பளம் கொடுத்து எத்தனை பேரை வைத்தாலும், அந்த வயதுப் பிள்ளைகளின் கண்ணுக்கு ஈடாகாது என்பது என் உறுதியான எண்ணம்.

பனையேறிக் கெண்டையைச் சொல்லாமல் விட்டால் முன்னால் பாயில் உட்கார்ந்திருக்கும் இந்தப் பிள்ளைகள் என்னை மன்னிக்க மாட்டார்கள். செவுள் மூடியில் ரம்பப்பல் மாதிரி முள் உள்ள மீன் அது. அந்த முள்ளை ஊன்றி ஊன்றி ஈரத்தரையில் நகரும். காற்றைக் குடித்து வெகுநேரம் உயிரோடு இருக்கும். பிடித்து வாளியில் போட்டால் நாம் திரும்புவதற்குள் வெளியே வந்து வயல் வரப்பில் போய்க்கொண்டிருக்கும். தரங்கம்பாடியில் டேனிஷ்காரர்களிடம் பணியாற்றிய டால்டார்ஃப் என்ற படை அதிகாரி, பனைமரத்து வெடிப்பில் இந்த மீன் ஏறியதைப் பார்த்ததாக எழுதியது 1797-இல் லண்டன் லின்னேயன் சங்கத்தின் வெளியீட்டில் வந்தது. அது உண்மையிலேயே மரம் ஏறுமா என்று அறிஞர்கள் நெடுங்காலம் விவாதித்தார்கள். மரத்தில் ஏறி நான் பார்த்ததில்லை. வரப்பில் போனதைப் பார்த்திருக்கிறேன். ஐரோப்பிய அறிவுலகம் பேசிய ஒரு மீன் நம் கண்மாய் மடையில் கிடந்தது என்பதை நம் பாடப்புத்தகம் சொல்லவில்லையே என்ற ஆதங்கம் எனக்கு உண்டு.

பிடித்த மீனைச் செவுள் வழியாகக் கோரைத்தண்டில் கோத்துக்கொண்டு வருவோம். வீட்டு வாசலில் அப்பத்தா அடுப்புச் சாம்பலோடு உட்கார்ந்திருப்பார். கெளுத்தியைச் சாம்பலில் புரட்டிச் சொரசொரப்பான கல்லில் தேய்த்தால்தான் அதன் வழவழப்பு போகும். அயிரையை உயிரோடு சட்டியில் விட்டுக் கொஞ்சம் மோர் கலந்த தண்ணீர் ஊற்றினால், தின்ற மண்ணையெல்லாம் அது தானே கக்கிவிடும். இன்று மதுரை ஓட்டல்களில் அயிரைமீன் குழம்புக்கு விலையைக் கேட்டால் மலைப்பாக இருக்கிறது. எங்களுக்கு அது துண்டு விரித்து அரித்த சாப்பாடு. மண்சட்டியில் புளி கரைத்து, சின்ன வெங்காயம் வதக்கி, மிளகாய் மல்லி அரைத்துவிட்டு, கடைசியில் நல்லெண்ணெய் ஒரு சுற்று விடுவார். அன்று இராத்திரி எங்களுக்குக் கிடைப்பது கொஞ்சம்தான். "குழம்பு ஒரு ராத்திரி தூங்கி எந்திரிக்கட்டும்" என்று மூடி வைத்துவிடுவார். மறுநாள் காலையில் பழைய சோற்றோடு அதைச் சாப்பிட்ட ருசிக்கு இணையாக நான் இதுவரை எதையும் சாப்பிட்டதில்லை.

வைகாசி, ஆனி வாக்கில் தண்ணீர் முழங்காலளவுக்கு வந்துவிட்டால் ஊர்க்கூட்டம் போட்டுக் கண்மாய் அழிக்க, அதாவது ஊரே இறங்கி மீன் பிடிக்க, நாள் குறிப்பார்கள். இன்று பத்திரிகைகள் மீன்பிடித் திருவிழா என்று எழுதுகின்றன. சிவகங்கை, புதுக்கோட்டை, மதுரை மேலூர்ப் பக்கம், திண்டுக்கல் நத்தம் பக்கமெல்லாம் இன்னும் நடக்கிறது. சுற்றுப்பட்டு ஊர்களுக்கெல்லாம் சொல்லி அனுப்புவார்கள். விடியுமுன்பே கரை நிறைந்துவிடும். எல்லார் கையிலும் ஊத்தா, கச்சா, பரி, வலை என்று ஏதாவது ஒரு மீன்பிடிக் கருவி; ஒன்றும் இல்லாதவர்கள் கையில் பழைய சேலை. சாமி கும்பிட்டுவிட்டு ஊர்ப் பெரியவர் கரைமேல் ஏறி வெள்ளைத் துண்டை வீசியதும் அத்தனை பேரும் ஒரே நேரத்தில் இறங்குவார்கள். ஊத்தா என்பது மூங்கில் குச்சியால் பின்னிய, மேலேயும் கீழேயும் திறந்த கூடு. சேற்றில் அதைக் குத்திக் குத்திக்கொண்டே போக வேண்டும். உள்ளே மீன் மோதினால் மேல்வாய் வழியே கையை விட்டு எடுக்க வேண்டும். அன்றைக்குச் சாதியும் இல்லை, அந்தஸ்தும் இல்லை, எல்லார் முகத்திலும் ஒரே சேறு. பிடித்த மீனை விற்கக் கூடாது. வீட்டில் சமைக்க வேண்டும், கிடைக்காதவருக்குக் கொடுக்க வேண்டும். அப்படிச் செய்தால் அடுத்த வருஷம் மழை பெய்யும் என்பது நம்பிக்கை. மழையோ மழையில்லையோ, ஒரு ஊர் முழுக்க ஒரே நாளில் மீன்குழம்பு மணப்பது எத்தனை பெரிய சமத்துவம்!

கண்மாய் மீன் ஊருக்குச் சொந்தம் என்ற எண்ணம் நேற்று முளைத்ததில்லை. பராந்தக சோழன் காலத்தில், கி.பி. 919, 921 ஆம் ஆண்டுகளில் பொறிக்கப்பட்ட உத்தரமேரூர்க் கல்வெட்டுகள், ஏரி வாரியம் என்று ஏரிக்கென்றே ஒரு குழுவைச் சொல்கின்றன. குளத்து மீனிலிருந்து வந்த வருமானத்தை அந்தக் குளத்தைத் தூர்வாரவே செலவிட்டதைச் சொல்லும் கல்வெட்டுகளும் உண்டு. மீன் கொடுக்கும் காசு தண்ணீருக்கே திரும்பிப் போயிருக்கிறது. இன்றும் கண்மாயில் மீன் பிடிக்கும் உரிமையை விடும் மீன்பாசி ஏலம் நடக்கிறது. ஆனால் ஏலக்காசில் எவ்வளவு கண்மாய்க்குத் திரும்புகிறது என்று உங்கள் ஊரில் கேட்டுப் பாருங்கள்.

மீனும் மாறிவிட்டது. இன்று கண்மாயில் நீங்கள் அதிகம் பார்க்கும் சிலேபிக் கெண்டை ஆப்பிரிக்காவின் மொசாம்பிக் பகுதி மீன். 1952-இல் இந்தியாவுக்குள் கொண்டுவரப்பட்டது. முட்டையை வாய்க்குள் வைத்துக் குஞ்சு பொரிக்கும். எந்தத் தண்ணீரிலும் பெருகிவிடும். பெருகிய இடத்தில் நம் நாட்டுக் கெண்டைக்கு இரையும் இடமும் குறையும். கட்லா, ரோகு, மிர்கால் மூன்றும் வடக்கே கங்கைச் சமவெளி ஆறுகளின் மீன்கள். குட்டையில் அவை தாமாக முட்டையிடாது என்ற நிலையை மாற்றியவர் மீன்வள விஞ்ஞானி ஹீராலால் சௌத்ரி. ஒடிசாவில் 1957 ஜூலை 10 அன்று ஊசிமூலம் கெண்டைகளை முட்டையிடவைத்தார். அந்த நாளைத்தான் தேசிய மீன் விவசாயிகள் நாளாகக் கொண்டாடுகிறோம். ஏழை வீட்டுத் தட்டில் மலிவாக மீன் வைத்த சாதனை அது. அவரை வணங்குகிறேன். வளர்ப்பு மீனுக்கு நான் எதிரி இல்லை.

என் மனத்தாங்கல் வேறு இடத்தில் இருக்கிறது. ஏலம் எடுத்தவர் மீன்குஞ்சு வாங்கிக் கண்மாயில் விட்டு, காவலுக்கு ஆள் போடுகிறார். போட்ட பணத்தைக் காப்பாற்ற வேண்டிய கட்டாயம் அவருக்கு. தூண்டிலோடு வரும் பிள்ளையை அந்தக் காவல்காரர் விரட்டுகிறார். விரட்டப்பட்ட பிள்ளைக்குக் கண்மாய் யாரோ ஒருவருடைய சொத்தாகிவிடுகிறது. பிறகு கரையில் குப்பை கொட்டினாலும், வரத்துக்காலை யாராவது மறித்து வீடு கட்டினாலும், உள்வாய் முழுக்கச் சீமைக்கருவேலம் மண்டினாலும், அந்தப் பிள்ளை வளர்ந்து பெரியவனான பின்னும் அது அவனைச் சுடுவதில்லை. இது ஒரு கண்மாயின் கதை மட்டுமில்லை; தமிழ்நாட்டில் சுமார் 39,000 ஏரி, குளம், கண்மாய்கள் இருக்கின்றன. ஆனால் கண்மாயைத் தங்களுடையதாக நினைத்தவர்களும் உண்டு. ராமநாதபுரம் மாவட்டத்து ஆர்.எஸ். மங்கலம் கண்மாயை நாரை பறக்காத நாற்பத்தெட்டு மடை என்று நம் பாட்டன்மார் சொல்லிப் பெருமைப்பட்டார்கள். நாரை ஒரே மூச்சில் பறந்து கடக்க முடியாத அகலம் என்று பொருள். எங்கள் சிவகங்கை மாவட்டத்துத் திருப்பத்தூருக்குப் பக்கத்தில் வேட்டங்குடி பறவைகள் சரணாலயம் இருக்கிறது. அங்கே கொள்ளுக்குடிப்பட்டி மக்கள் கண்மாய்க்கு வந்த பறவை மிரளக் கூடாது என்று தீபாவளிக்கு வெடியே வெடிப்பதில்லை. அந்த ஊர்ப் பிள்ளைகள் வெடி இல்லாமல் இருக்கச் சம்மதிப்பது, பறவையும் கண்மாயும் தங்களுடையவை என்று அறிந்து வளர்வதால்தான். சட்டம் போட்டு வரவழைக்கக் கூடிய குணமா அது?

இன்னொன்றையும் நெஞ்சு கனத்துச் சொல்கிறேன். கோடை விடுமுறையில் நீர்நிலையில் மூழ்கி இறந்த பிள்ளைகளைப் பற்றிய செய்தி வராத ஆண்டே இல்லை. என் காலத்துக் கண்மாயின் தரை சீராகச் சரிந்து போகும். கணுக்கால், முழங்கால், இடுப்பு என்று ஆழம் நமக்குச் சொல்லிக்கொண்டே வரும். இன்று வண்டல் எடுக்கிறோம் என்று இயந்திரத்தை இறக்கி, கண்ட இடத்தில் ஆளுயரத்துக்கும் மேலே குழி பறித்துவிட்டுப் போகிறார்கள். மழை பெய்து நிறைந்தால் குழி மறைந்துவிடுகிறது. நீச்சலும் தெரியாத, தரையும் தெரியாத பிள்ளை அதில் கால்வைக்கிறது. கண்மாய் பிள்ளையைக் கொன்றது என்று பேசுகிறோம். குழி பறித்தவர்களும், சரிந்த தரையைக் கேட்டு வாங்காத நாமும்தான் அதற்குப் பொறுப்பு. அந்தப் பயத்தில் தாய்மார்கள் பிள்ளையைத் தண்ணீர்ப் பக்கமே விடாமல் வளர்ப்பதை நான் குறை சொல்ல மாட்டேன். ஆனால் தண்ணீரைப் பார்க்காமல் வளர்ந்த பிள்ளைக்குத் தண்ணீர் இன்னும் ஆபத்து. என் அப்பத்தாவின் சட்டத்தை மனத்தில் வைக்கச் சொன்னேனே, அது இதற்காகத்தான்.

கடைசியாக, பெரியவர்களிடம் என் கோரிக்கை. மே 1 அன்று ஒவ்வொரு ஊராட்சியிலும் கிராமசபை கூடுகிறது. அது சரியாக முழுப்பரீட்சை லீவில் வருகிறது. இந்த வருஷம் அந்தக் கூட்டத்துக்குப் போங்கள். பிள்ளைகளையும் கூட்டிக்கொண்டு போங்கள். மீன்பாசி ஏலத்தில் ஒரு நிபந்தனை சேர்க்கச் சொல்லித் தீர்மானம் கொண்டுவாருங்கள்: கண்மாயின் ஒரு மடைக்கரை, கோடை இரண்டு மாதமும், ஊர்ப் பிள்ளைகளின் தூண்டிலுக்கு விடப்பட வேண்டும். வலை வேண்டாம், தூண்டில் மட்டும். ஏலம் எடுத்தவருக்கு அதனால் பெரிய நஷ்டம் வந்துவிடாது. வண்டல் எடுப்பவர்கள் தரையைச் சரிவாக விட்டுப் போக வேண்டும் என்றும், எடுத்த இடத்தைப் பிள்ளைகளுக்குக் காட்டி ஆழத்தைச் சொல்ல வேண்டும் என்றும் எழுதச் சொல்லுங்கள். ஊரில் நீந்தத் தெரிந்த ஒருவரை, ஆணோ பெண்ணோ, விடுமுறை முழுக்கக் கரையில் நிற்கவைத்து எல்லாப் பிள்ளைக்கும் நீச்சல் சொல்லிக்கொடுக்க ஏற்பாடு செய்யுங்கள். விரால், குரவை, நாட்டுக் கெண்டைக் குஞ்சுகளையும் கண்மாயில் விடும்படி மீன்வளத்துறையிடம் கேளுங்கள். இவற்றில் பெரிய செலவு பிடிக்கிற காரியம் எதுவும் இல்லை. தீர்மானப் புத்தகத்தில் உங்கள் ஊர்க் கண்மாயின் பெயர் ஏறாமல் அன்றைக்கு வீட்டுக்குத் திரும்பாதீர்கள்.